கல்லுக்குள் இருந்த நைட்டியா

கல்லில் பதிந்து கிடக்கும் பழங்கால உயிர்களில், அதாவது புதைபடிவங்களில், நான் நேரில் பார்த்தது நைட்டியா என்ற சிறு மீன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கெம்மரர் ஊருக்குப் பக்கத்தில் தனியார் கல் குவாரிகள் இருக்கின்றன. பணம் கட்டினால் நாமே தோண்டலாம். அடிக்கடி கிடைக்கும் வகை மீன்களைக் கையோடு எடுத்தும் வரலாம். பலகைக் கல்லின் விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். பெரும்பாலும் வெறும் கல்தான் வரும்.

அப்படிப் பிரித்த ஒன்றில் மீன் முழுசாகப் படுத்திருந்தது. மத்தி, ஹெர்ரிங் வகையறா. பழுப்பேறிய முதுகெலும்பு, விலா முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வயிற்றோரம் வரிசையாக முள்செதில்கள். சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியில் நீந்திய உயிர்! மூச்சே நின்றுவிட்டது எனக்கு. ஏரியின் அடியில் ஆக்சிஜன் குறைவு. இரை தேடிக் கிளறும் பிராணிகள் இல்லை. மேலே மாவு போன்ற சுண்ணாம்புச் சேறு படிந்துகொண்டே வந்தது. அதனால்தான் முள்கூடக் கலையவில்லை. 1987-ல் வயோமிங் இதையே தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது, பொருத்தமான தேர்வு.

மறுமொழி

நீங்கள் பார்த்தது தானாகப் பிரியும் அடுக்கு. அதே வட்டாரத்தில் ‘18 அங்குல அடுக்கு’ என்று இன்னொன்று உண்டு. அதில் மீன்மேல் கல் மூடியே இருக்கும். இரவில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முதுகெலும்பின் மேடு லேசாக நிழல் தட்டும். அதை வைத்துத்தான் மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு காற்றழுத்த ஊசியால் கல்லைத் துளித்துளியாக நீக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஆனால் எலும்பு அடர்பழுப்பில் எழும்பி நிற்கும் அழகே தனி.

வாங்குவோருக்கு ஒன்று. வால், துடுப்பு உடைந்திருந்தால் பெயின்டால் வரைந்து முடிப்பதும், வேறு கல்லில் கிடைத்த மீனைப் பெரிய பலகையில் பதிப்பதும் நடக்கிறது. நிஜத் துடுப்பின் கதிர்களில் லென்ஸில் சின்னச் சின்ன மூட்டுகள் தெரியும். தூரிகைக் கோட்டில் அது வராது. மீனைச் சுற்றிக் கல்லின் நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால், வரைந்து நிரப்பிய முழு மீனைவிட வால்நுனி போன நிஜ மீனே மேல். எங்கெங்கே கை வைத்திருக்கிறீர்கள் என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். நேர்மையானவர் விரல் வைத்துக் காட்டிவிடுவார்.