வேலணை வீடு குழு: தீவுச் சிகரம் ஏற முன்

நான்: எல்லோரும் சுகமா? நேபாளத்தில், சுகுங் ஊரில் இது மூன்றாம் நாள். வைஃபை அட்டை ஒன்று வாங்கினேன், முடியும்வரை கதைக்கலாம். நாளைக் காலை தீவுச் சிகரத்தின் அடிவார முகாமுக்குப் போகிறோம். அங்கே சிக்னல் இல்லை.

அம்மா: சாப்பிட்டாயா பிள்ளை? தலையிடி எப்படி?

நான்: தலையிடி முந்தநாளோடு போய்விட்டது. நேற்றுப் பக்கத்து மலை சுகுங் ரி ஏறினோம், 5546 மீற்றர். படுக்க மட்டும் திரும்ப இங்கே, 4730க்கு இறங்கிவிட்டோம். பகலில் உயர ஏறி இரவில் கீழே படுத்தால்தான் உடம்பு பழகும். விரலில் கருவி மாட்டிப் பார்த்தோம், எனக்கு இரத்தத்தில் ஒட்சிசன் 83 வீதம்.

அக்கா: 83ஆ?? கோவிட் நேரம் அப்பாவுக்கு 92 காட்டியதற்கே அம்புலன்ஸ் கூப்பிட்டோமே! உடனே இறங்கு.

நான்: பயப்படுவாய் என்று தெரியும் அக்கா, ஆனாலும் மறைக்க விருப்பமில்லை. இந்த உயரத்தில் ஐந்து பேருக்கும் எண்பதுகளில்தான் நிற்கிறது. எங்கள் வழிகாட்டி எண்ணைவிட ஆளைத்தான் பார்க்கிறார். பசிக்கிறதா, சும்மா இருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார். காலையும் மாலையும் குதிக்கால் விரல்நுனியில் முட்ட, ஒரே கோட்டில் நடக்கச் சொல்வார். நடை தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். அப்படியானால் இரவென்றும் பாராமல் இறக்கிவிடுவார்.

பெரியப்பா: பிள்ளை சொல்வது சரி. காற்றில் ஒட்சிசன் அங்கேயும் 21 வீதம்தான், காற்றின் அமுக்கம்தான் குறைவு. 5500 மீற்றரில் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. நாங்கள் கடலோடு ஒட்டிக் கிடக்கிற சனம். நீ விமானத்தில் போய் இறங்கிய லுக்லாவே 2860 மீற்றர், நம் நாட்டின் மிக உயர்ந்த மலை பீதுருதலாகலை 2524தான்.

அக்கா: அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறா, சோறு கிடைக்கிறதோ என்று.

நான்: ஓம், சோறும் பருப்பும். இங்கே தண்ணீர் 85 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும் அம்மம்மா. சும்மா பானையில் வைத்தால் அரிசி நடுவில் கல்லாகவே கிடக்கும், பிரஷர் குக்கர் வேண்டும். நீங்கள் தந்த பனங்கட்டியில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. குளிரில் இறுகிப் பல்லுக்குப் பிடிபடவில்லை. ஜாக்கெட்டின் உள்பொக்கெற்றில் உடம்புச் சூட்டோடு வைத்திருக்கிறேன். போனும் அதற்குள்தான், வெளியே வைத்தால் பட்டரி இறங்கிவிடும்.

அப்பா: திட்டத்தைச் சொல்லு. நேரம் நேரமாகச் சொல்லு.

நான்: நாளை மதியம் முகாம், 5087 மீற்றர். பின்னேரம் கயிற்றில் ஜூமார் (கயிற்றைப் பற்றிப் பிடிக்கும் கைப்பிடி) போட்டு ஏறிப் பழகுவோம். ஆறு மணிக்குப் படுக்கை, இரவு ஒரு மணிக்குப் புறப்பாடு. இருட்டில் தலைவிளக்கோடு பாறை. அப்புறம் பனியாறு. அங்கே பூட்சில் கிராம்பன் என்ற இரும்பு முட்கள் மாட்டி, எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுவார்கள். பனி வெடிப்பு இருந்தால் மேலே ஏணி போட்டிருக்கும். கடைசியில் செங்குத்தான பனிச்சுவர், அதன் மேல் ஒடுங்கிய முகடு, பிறகு உச்சி, 6189.

நான்: காலை பத்து மணிக்குள் உச்சியில் இல்லாவிட்டால், எங்கே நின்றாலும் திரும்புவது. ஐந்து பேரும் சத்தியம் பண்ணிவிட்டோம்.

அம்மா: பத்து மீற்றர்தான் மிச்சம் என்றாலுமோ?

நான்: ஒரு மீற்றர் என்றாலும் அம்மா. மதியத்தில் முகில் ஏறிக் காற்றுப் பிடித்துவிடும். இறங்குவதற்கும் காலில் பலம் இருக்க வேண்டும்.

அம்மா: இதைத்தான் கேட்க நினைத்தேன். கேட்டால் உன் மனம் உடைந்துவிடுமோ என்று மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

நான்: கேட்டிருக்கலாம் அம்மா.

பெரியப்பா: 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால. அவருடன் போன யோஹான் பீரிஸ் 8400 மீற்றர் வரை ஏறி, ஒட்சிசன் போதாமல் திரும்பினார். உச்சிக்கு இன்னும் 450 மீற்றர்கூட இல்லை. 2018இல் மறுபடி போய் ஏறினார். அன்று திரும்பாவிட்டால் 2018 ஏது?

அப்பா: அவரையே நினைத்துக்கொள் பிள்ளை. காசு போனால் போகட்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

பெரியப்பா: இன்னொன்று. ஐலண்ட் பீக் என்றால் தீவுச் சிகரம். சுற்றிவரப் பனி, நடுவில் தீவு மாதிரி நிற்பதால் வந்த பெயர். நேபாளத்தில் இப்போது இம்ஜா சே என்கிறார்கள். 1953இல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் அணியில் சிலர் முன்னதாக இதிலும் ஏறிப் பழகினார்கள். வேலணைத் தீவுப் பிள்ளை தீவுச் சிகரம் ஏறுகிறாய், எனக்கு அது பெரிய சந்தோசம்.

நான்: இங்கிருந்து பார்க்க அப்படியேதான் பெரியப்பா. பின்னால் லோட்சே மலையின் சுவர் வானத்தை மறைத்து நிற்கிறது, இது அதன் காலடியில் தனியே நிற்கிறது.

அக்கா: அம்மம்மா விளக்கேற்ற வேண்டுமாம். ஒரு மணி என்றால் எங்கள் ஒரு மணியோ?

நான்: இல்லை, நேபாள நேரம் எங்களைவிடக் கால் மணித்தியாலம் முந்தியது. உங்களுக்கு 12:45. நாளை இரவு.

அம்மா: 12:30க்கு அலாரம் வைத்துவிட்டேன். இங்கே மழை பிடித்துவிட்டது, கரண்ட் போனாலும் போகும், போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். இறங்கி சுகுங் வந்ததும் ஒரு சொல் எழுது, காணும்.

நான்: கட்டாயம் அம்மா. அட்டை முடியப்போகிறது.

அம்மா: பனங்கட்டியை மறக்காமல் கொண்டுபோ.