இலைத் தேநீர் குடித்தபோது உங்களுக்கு எது ஞாபகம் வந்தது? அனுபவம் சொல்லுங்கள்

டிகாக்‌ஷன் தாசன்:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காபிதான். டீ என்றால் கடை வாசலில் நின்று குடிப்பது. பால், சர்க்கரை, இஞ்சி இத்தனைக்கும் நடுவில் தேயிலை எங்கே இருக்கிறது என்று நான் தேடியதே இல்லை. போன டிசம்பரில் குன்னூர் போனதோடு அந்த நிம்மதி போயிற்று.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ஃபாக்டரியின் ருசி பார்க்கும் அறைக்குள் போக முடிந்தது. ஜன்னலோரம் நீளமான மேடை, அதன்மேல் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் உலர்ந்த இலை ஒரு தட்டில், ஊறிய இலை கவிழ்த்த மூடியின்மேல். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கக் கொதிக்க ஊற்றி 6 நிமிடம். இதற்கு ஐஎஸ்ஓ 3103 என்று உலகத் தரநிலையே இருக்கிறதாம். (இதே விஷயத்தை ஆறு பக்கத்துக்கு எழுதிய பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999-இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கொடுத்துக் கிண்டல் செய்திருக்கிறார்கள். டீ போட ஆறு பக்கம்!)

ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி எடுத்து 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். பந்தியில் நான் இப்படி ரசம் உறிஞ்சியிருந்தால் அம்மா தொடையில் கிள்ளியிருப்பார். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுமாம். அப்புறம் துப்பிவிட வேண்டும். எனக்குத் துப்ப மனம் வரவில்லை. பதினான்கு கிண்ணத்தையும் விழுங்கிவிட்டு அன்று ராத்திரி மூன்று மணி வரை லாட்ஜ் ஓட்டை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

முதலில் வைத்ததெல்லாம் சிடிசி, நம் டீக்கடைக் குருணை. நல்ல செம்பழுப்பு, கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. இது எனக்குத் தெரிந்த ஆள்தான். கடைசியில் உறைபனிக் காலத்தில் பறித்த இலை என்று ஒன்றை வைத்தார். நிறத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது, வைக்கோல் ஊறிய தண்ணி மாதிரி. உறிஞ்சினேன். முதலில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வரும் வாசம். அது அடங்கியதும் பின்னாலேயே மல்லிகை, அதுவும் புதுப் பூ இல்லை. ராத்திரி சூடிய பூவின் வாசம் மறுநாள் காலையில் தலையணையில் மிச்சம் இருக்குமே, அது. அவரிடம் அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டு நோட்டில் 'ஃப்ளோரல்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து லீஃப் டீ பொட்டலம் எது கிடைத்தாலும் வாங்குகிறேன். ஆனால் லேபிளில் எழுதியிருப்பது ஒன்றும் பிடிபடவில்லை. ஆப்ரிகாட், மஸ்கட்டல், பெர்கமாட், மால்ட் என்று இருக்கிறது. இதில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் குடித்த இலை உங்களுக்கு எதை ஞாபகப்படுத்தியது? நம் அடுப்படி, நம் தோப்பு, நம் தெருவில் இருக்கிற பொருளாகச் சொல்லுங்கள். ஆப்ரிகாட் செல்லாது.

கேத்தி ரயில்:

இருபது வருடம் ஃபாக்டரியில் இலை வாட்டும் பக்கம் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

பனிக்கால இலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி குளிர் பூஜ்யத்தை நெருங்கும். செடி வளர மறுக்கும், கொழுந்து கொஞ்சமாகத்தான் வரும், வருகிற கொழுந்தில் வாசனை கூடி நிற்கும். அதை மற்ற நாளைப் போல முரட்டுத்தனமாக உருட்டினால் போச்சு. நிறம் வெளுப்பாக இருப்பதைப் பார்த்து வியாபாரிகளே முகம் சுளித்த காலம் உண்டு.

லேபிளுக்கு வருவோம். மஸ்கட்டல் என்று பயமுறுத்துகிறார்களே, அது நம் கம்பம் பன்னீர் திராட்சைதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பன்னீர் திராட்சை என்பதே மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். டார்ஜிலிங்கில் மே, ஜூனில் பறிக்கிற இரண்டாம் பருவத்து இலையைக் குடித்துவிட்டு, மஞ்சள் பையில் பன்னீர் திராட்சை வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். பை லேசாக நசுங்கி, தோல் கிழிந்து ஒரு வாசம் வரும். அவ்வளவுதான் மஸ்கட்டல். இதில் பூச்சிக்கும் பங்கு உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சும்போது செடி தற்காப்புக்காகச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது, நாம் அதற்குக் காசு கொடுக்கிறோம். தைவானில் ஓரியண்டல் பியூட்டி என்ற ஊலாங் தேயிலைக்கும் இதே கதைதான். பூச்சி கடித்தால்தான் அதில் தேன் வாசம். எங்கள் பக்கத்தில் பூச்சி கண்டால் மருந்து அடிப்போம்!

மால்ட் இன்னும் சுலபம். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுப்பீர்கள் அல்லவா, வறுபடும்போது அடுப்படி முழுக்க ஒரு வாசம் பரவும். அசாம் இலையில் வருவது அது. பாட்டியின் வறுவலுக்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்குக் கெட்டியாக வரும், அதனால்தான் பால் ஊற்றினாலும் தாக்குப்பிடிக்கிறது. பெர்கமாட் ஒரு ஆரஞ்சு வகை, எர்ல் கிரேயில் அதன் தோல் எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள். எனக்கு அது எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசம். என் மனைவிக்கு மூட்டைப்பூச்சி மருந்து.

இன்னொன்று. நிறைய பேர் துவர்ப்பையும் கசப்பையும் போட்டுக் குழப்புகிறார்கள். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது வரக்கூடாது. கசப்பு நாக்கில் நிற்கும், பாகற்காய் மாதிரி. துவர்ப்பு ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் பிடிக்கும், வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு மாதிரி. நல்ல மலை டீயில் துவர்ப்பு 'சுருக்'கென்று வந்து உடனே விட்டுவிட வேண்டும், விட்ட இடத்தில் எச்சில் ஊற வேண்டும். இதைத்தான் பிரிஸ்க் என்பார்கள். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் இலை முற்றல், இல்லாவிட்டால் நீங்கள் ஊறவைத்து மறந்துவிட்டீர்கள்.

ராத்திரி டீ:

என் அனுபவம் ஒரு வரி. சித்தப்பா டார்ஜிலிங்கிலிருந்து மார்ச் மாதத்து முதல் பறிப்பு என்று நூறு கிராம் கொண்டுவந்தார். அம்மா பாலில் போட்டு ஏலக்காய் தட்டி ஐந்து நிமிடம் காய்ச்சினார். குடித்த எல்லோரும் "தூள் சரியில்லை, கலப்படம்" என்றார்கள். விலையைச் சித்தப்பா இன்றுவரை சொல்லவில்லை.

ஒசாகா வாசி:

@ராத்திரி டீ, நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான், பால் மட்டும்தான் பாக்கி.

ஒசாகா வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு சின்ன டப்பாவில் சென்சா என்ற பச்சைத் தேயிலை கொடுத்தார். ஊசி ஊசியாகக் கரும்பச்சை இலை. நம் பழக்கத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினேன். முருங்கைக்கீரையையும் பாகற்காயையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து வடித்த தண்ணி. மரியாதைக்காக முழுக்கக் குடித்தேன்.

பாட்டியே ஒருநாள் போட்டுக் காட்டினார். கொதித்த தண்ணீரை முதலில் வெறும் கோப்பைகளில் ஊற்றினார், சூடு இறங்கட்டும் என்று. கை பொறுக்கிற அளவு வந்த பிறகு இலையின்மேல் ஊற்றி, ஒரு நிமிடம்தான், கடைசிச் சொட்டு வரை வடித்தார். அதே இலை! முருங்கைக்கீரை இருந்தது, ஆனால் நெய்யில் வதக்கிய கீரை. பாகற்காய் போய்விட்டது. குடித்து முடித்து வெகுநேரம் நாக்கின் அடியில் ஒரு இனிப்பு.

கியோகுரோ என்று ஒன்று உண்டு. பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிக்குப் பந்தல் போட்டு வெயில் படாமல் வைப்பார்கள். இலையில் தியானின் என்ற அமினோ அமிலம் மிச்சம் இருக்கும், அதனால் ருசி வேறு தினுசு. 60 டிகிரி தண்ணீரில், இரண்டு மடக்குதான் வரும். எனக்கு ராமேஸ்வரத்தில் கரையில் ஒதுங்கிய கடல்பாசி ஞாபகம் வந்தது. கூடவே உப்பே போடாத நண்டு ரசம். இதை டீ என்று ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் வாரம் ஒருமுறை அது இல்லாமல் எனக்கு முடியவில்லை.

அலுவலகத்தில் சீனாவின் ஹாங்சோ ஊர்க்காரர் ஒருவர் லோங்ஜிங் கொடுத்தார். இதுவும் பச்சைத் தேயிலைதான், ஆனால் வெண்பொங்கலுக்குப் பாசிப்பருப்பு வறுக்கும் வாசம். ஏன் இப்படி என்று பார்த்தால், ஜப்பானில் இலையை ஆவியில் வேகவைக்கிறார்கள், அங்கே வாணலியில் கையால் அழுத்தி வறுக்கிறார்கள். கீரை வாசமும் பருப்பு வாசமும் அந்த அடுப்பு வித்தியாசம்தான். கென்மைச்சா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதில் வறுத்த அரிசியே கலந்திருக்கிறது. சரஸ்வதி பூஜை அன்று பொரிகடலைக் கடை.

சாயத்தண்ணி:

நான் இலங்கையில் அப்புத்தளைப் பக்கம். அம்மாயி முப்பத்தைந்து வருசம் கொழுந்து எடுத்தவர். நாங்கள் வீட்டில் குடித்தது டஸ்ட்தான். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, நாக்கால் தொட்டுக்கொண்டு பால் விடாத சாயத்தண்ணி குடிப்பது. சீனியைத் தண்ணீரில் கரைத்தால் நிறையத் தேவைப்படும், கையில் வைத்தால் கொஞ்சம் போதும். அதுதான் காரணம், ருசிக்காகச் செய்ததில்லை. ஆனால் இன்றைக்கு யோசித்தால், கசப்பையும் துவர்ப்பையும் சீனி மறைக்காமல் தனியாகக் குடித்துப் பழகியது அப்படித்தான்.

எங்கள் ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு ஒரு பருவம் இருக்கிறது. ஆடி ஆவணியில் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். கச்சான் காற்று என்போம். (இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு: எங்களுக்கு வேர்க்கடலையும் கச்சான்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உதடு வெடிக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் எடுக்கிற கொழுந்துக்குத்தான் விலை என்று அம்மாயி சொல்வார். ஏன் விலை என்று அவருக்கும் தெரியாது, அந்தத் தேத்தண்ணியை அவர் குடித்ததில்லை.

கொழும்பில் வேலை கிடைத்த பிறகு முதல் சம்பளத்தில் ஒரு கடையில் அந்தப் பருவத்து இலை கால் கிலோ வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பால் இல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். அம்மாயி ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்னடா இது, முழங்காலுக்குப் பூசுற தைலம் மணக்குது" என்றார். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. பிறகு படித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஊவாவின் அந்தக் குளிர்ந்த மணத்துக்குப் பெரிய காரணம் மெத்தில் சாலிசிலேட், வலித் தைலத்தில் இருக்கிற அதே சரக்கு. வெள்ளைக்காரன் 'விண்டர்கிரீன்' என்று எழுதுகிறான். அம்மாயி முழங்கால் என்றார்.

கோப்பையை வைத்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்: "இதையா இத்தனை வருசம் எடுத்தோம்?" பிறகு உள்ளங்கையை நீட்டினார். சீனி வைத்தேன்.

கேத்தி ரயில்:

@சாயத்தண்ணி, ஊட்டியில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் எண்ணெய் விற்பார்கள். இந்த மலையிலேயே அந்தச் செடி வளர்கிறது. அடுத்த தடவை ஊவா டீ குடித்துவிட்டு அந்தக் குப்பியைத் திறந்து மோந்து பார்க்கப் போகிறேன். அம்மாயிக்கு என் வணக்கம்.

டிகாக்‌ஷன் தாசன்:

சாயத்தண்ணி எழுதியதைப் படித்துவிட்டு என் மல்லிகைத் தலையணையைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பரவாயில்லை, இருக்கட்டும்.

குன்னூரில் குடித்த அதே இலையை வாங்கிவந்து வீட்டில் போட்டபோது நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். வேளச்சேரி போர் தண்ணீர். நிறம் கறுத்து, மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படிந்து, வாசனை சுத்தமாக இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நான்கு நாள் மனதுக்குள் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சத்தோடு சேர்ந்துதான் அந்த ஆடை வருகிறது. கேன் தண்ணீரில் போட்டேன், நார்த்தங்காய் திரும்பிவந்தது. மல்லிகை மட்டும் வரவில்லை, அது குன்னூர்த் தண்ணீரோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

நேற்று நண்பர் ஒருவர் சீனாவின் யுன்னானிலிருந்து பூ-அர் தேயிலை வில்லை கொண்டுவந்தார். 357 கிராம், வறட்டி மாதிரி வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி. புளிக்கவைத்த வகையாம். கத்தியால் பெயர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதைக் குடிக்கச் சொன்னார். கறுப்புக் காபி நிறம், ஆனால் துவர்ப்பே இல்லை, வழவழவென்று இறங்கியது. தாத்தா வீட்டில் நெல் கொட்டி வைக்கும் அறையை மழைக்காலத்தில் திறந்தால் வரும் வாசம், அதில் ஈரச்சாக்கும் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு வில்லையைப் பூஜை அறைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இப்போது அது ஷூ ஸ்டாண்டின் மேல்தட்டில் இருக்கிறது.

யாராவது வேளச்சேரி பக்கம் வந்தால் சொல்லுங்கள், பெயர்த்துத் தருகிறேன்.