தைத்த டிஷர்ட்டில் ஆல் ஓவர் பிரிண்ட்: அக்குளில் விழும் வெள்ளைக் கோடு

தைத்து முடித்த பாலியெஸ்டர் டிஷர்ட்டை அப்படியே ஹீட் பிரஸ்ஸில் வைத்து சப்ளிமேஷன் (தாளில் அச்சிட்ட டிசைனைச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) போட்டால், அக்குளிலும் பக்கத் தையல் ஓரத்திலும் வெள்ளைக் கோடு விழத்தான் செய்யும். 200 டிகிரி சூட்டில் தாளிலுள்ள சாயம் ஆவியாகி நூலுக்குள் இறங்குகிறது. மடிப்புக்குள் அந்த ஆவி போகாது. எவ்வளவு நீவி விரித்தாலும் கோடு மெலியுமே தவிர மறையாது. கட்டிங் பீஸில் (வெட்டிய, தைக்காத துண்டில்) பிரிண்ட் போட்டுவிட்டுத் தைப்பதுதான் சரி. அதற்கு முன் சாம்பிள் பீஸ் ஒன்றை வெறுமனே அதே சூட்டில் 45 முதல் 60 விநாடி அழுத்தி, நீளம் அகலம் இரண்டிலும் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து, பேட்டர்னில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். டிசைனைச் சுற்றிலும் 1 செ.மீ. வெளியே நீட்டி விடுங்கள். அழுத்தியதும் தாளை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தாள் நகர்ந்தால் உருவம் இரட்டையாகிவிடும்.

—

லைக்ரா கலந்த துணி என்றால் 200 வேண்டாங்க, மஞ்சளடிக்கும். 185-190இல் வைத்து நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, சாயம் மேல்முகத்தில்தான் ஏறுகிறது. லெக்கிங்ஸ் முட்டியில் இழுபடும்போது உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். கருப்பு டிசைனை வெள்ளைத் துணியில் போடுமுன் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

—

காட்டனுக்கு சப்ளிமேஷன் ஆகாது, ஒரே துவைப்பில் வெளுத்துவிடும். திருப்பூரில் மொத்தமாக ஓட்டும் ஆர்டருக்கு ரோட்டரி, அதாவது சுழலும் உருளை ஸ்க்ரீனில் அச்சிடுவது. அதில் ஸ்க்ரீன் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ., டிசைன் ரிப்பீட் (டிசைன் திரும்ப வரும் நீளம்) அதற்குள் முழுசாக அடங்க வேண்டும்: 64, 32, 16. ரிப்பீட் 30 என்று வரைந்து வந்தால் சேருமிடத்தில் வெட்டு தெரியும். நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் என்பதால் பத்து இருபது பீஸுக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு டிஜிட்டல் ரியாக்டிவ்தான், அதாவது ஸ்க்ரீன் இல்லாமல் ரியாக்டிவ் சாயத்தைப் பிரிண்டரில் அடிப்பது.

டிஜிட்டல் ரியாக்டிவில் பிரிண்ட்டைவிட முன்னும் பின்னும்தான் வேலை. துணிக்கு முதலில் சோடா, யூரியா, ஆல்ஜினேட் பசை ஏற்றிக் காயவைக்க வேண்டும். பிரிண்ட் ஆனபின் 102 டிகிரி நீராவியில் 8 முதல் 10 நிமிடம். அடுத்தது பச்சைத் தண்ணீர் அலசல், அதன்பிறகே கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் சோப்பு. நேராகச் சுடுதண்ணீரில் போட்டால் ஒட்டாத சாயம் டிசைனின் வெள்ளைப் பகுதியில் ஏறிவிடும். பிறகு எடுக்க முடியாது.

பிக்மெண்ட்டுக்கு (பைண்டர் என்ற பசையால் துணிமேல் ஒட்டும் நிறம்) இந்த அலசல் கிடையாது, 150 டிகிரியில் 4-5 நிமிடம் க்யூரிங் (சூட்டில் இறுக வைப்பது) போதும். பைண்டர் கூடினால் துணி விறைக்கும், குறைந்தால் உரசலில் நிறம் போகும். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கட்டிங்குக்கு அனுப்புங்கள்.