கையடக்க பைனாகுலர்: குளக்கரையிலும் காட்டிலும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தேரூர்க்காரன்:
மார்கழி, தேரூர் குளம், கிழக்கு வெளுக்கிற நேரம். கையில் 10×25 (பத்து மடங்கு, முன்கண்ணாடி 25 மில்லிமீட்டர்), மடக்கு ரகம்தான். சம்பைப் புல்லுக்குள் ஒரு குருகு கழுத்தை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. காற்றில் சம்பை ஆட, அதுவும் சேர்ந்து ஆடியது! செங்குருகா, மஞ்சள் குருகா? கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே சாம்பல். வெளிச்சம் வருவதற்குள் பறந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

பொழிமுகம்:
அண்ணே, பறந்தபோது சிறகின் பின்பாதி கறுப்பாக இருந்ததா? இருந்தால் மஞ்சள் குருகு. செங்குருகுக்குச் சிறகு முழுக்கச் செம்மைதான். அதற்கு பைனாகுலரே வேண்டாம். எனக்கு வில்லன் இருட்டு இல்லை, காற்று. மணக்குடி பாலத்தில் நின்று 10 மடங்கில் பார்த்தால் மணல் திட்டில் இருக்கும் ஆலாப் பறவைகள் எல்லாம் குதிக்கின்றன. ஒன்றின் கறுப்பு அலகு நுனியில் மஞ்சள் தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். 8 மடங்கே போதும்.

குலசேகரம் டு நியூசிலாந்து:
இங்கே மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு உண்டு. மான்கள் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை, பெருகிக் காட்டை அழிக்கின்றன. ஒரு சாயங்காலம் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. கூட வந்தவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை, 8×42 பைனாகுலரை எடுத்தார். என் பாக்கெட் 8×25-இல் மான் காது. அவர் பார்த்ததில் தொப்பி. குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷன்! துப்பாக்கி ஸ்கோப்பால் தேடக்கூடாது என்று இங்கே ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ, குழலும் அங்கேதானே.

நாகர்கோவில் சார்:
வேட்டைக் கதை இந்தத் திரிக்கு எதற்கு? இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், பிள்ளைகளும் படிக்கிறார்கள். நிற்க. யாரும் கணக்கைச் சொல்லவில்லை. முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுங்கள். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர், 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நடுப்பகலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும், அதனால் வித்தியாசம் தெரியாது. விடியலில் கண்மணி விரியும், சின்ன பைனாகுலரால் அதை நிரப்ப முடியாது. தேரூர் தம்பிக்கு நடந்தது இதுதான். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண் இடைவெளி, அதாவது பைனாகுலரின் பின்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே விடக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள், இல்லாவிட்டால் ஓரம் கறுத்துப்போகும். கடற்கரைக் கடைகளில் சிவப்புக் கண்ணாடியோடு ‘100 மடங்கு’ என்று விற்பதைத் தொடவே வேண்டாம். உப்புக்காற்றில் பார்த்துவிட்டு வந்தால் முதலில் ஊதித் தட்டிவிட்டு அப்புறம் துடையுங்கள், வேட்டி நுனியால் தேய்க்காதீர்கள். என் அனுபவமா? சாமித்தோப்பு உப்பளத்தில் பூநாரை பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது.

குலசேகரம் டு நியூசிலாந்து:
சார், நான் சொன்னது ஒரு ஆளைச் சுடாமல் விட்ட கதை.

கீரிப்பாறை மழை:
சண்டையை விடுங்க மக்கா. எனக்குத் தலைக்கு மேலேயே இருவாய்ச்சி போனது, சிறகுச் சத்தம் ரயில் மாதிரி. பைனாகுலரைத் தூக்கினால் உள்கண்ணாடியில் ஆவி. வெளியே துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், போகவில்லை. அடுத்ததாக 8×32 வாங்கலாம் என்றிருக்கிறேன். உள்ளே ஆவி படியாமலிருக்க நைட்ரஜன் அடைத்தது என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?