ஸ்குவாட் வேகம் காட்டும் கைப்பட்டையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
வயது 43. சேலத்தில் ஆறு வருடமாக ஜிம் போகிறேன். போன மாதம் முன்கையில் கட்டும் சென்சார் பட்டை வாங்கினேன். ஒவ்வொரு ரெப்பிலும், அதாவது ஒவ்வொரு தடவை தூக்கும்போதும், பார் (எடைக்கம்பி) எழும் வேகத்தைப் போனில் காட்டும். நேற்று 90 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), ஐந்து ரெப். வினாடிக்கு 0.58, 0.51, 0.69, 0.47, 0.60 மீட்டர் என்று காட்டியது. ஐந்தாவதில் கால் நடுங்கி, பாதியில் நின்று எழுந்தேன். அதற்குப் போய் 0.60! ஏற்கெனவே முதுகில் பிடிப்பு வந்து மூன்று மாதம் படுத்தவன் நான். எந்த ரெப்போடு நிறுத்துவது என்று தெரியத்தான் இதை வாங்கினேன். தவறு பட்டையிலா, நான் கட்டும் விதத்திலா?

பதில்:
கட்டும் இடத்தில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானி வேகத்தை நேராக அளப்பதில்லை. வேகம் கூடுவதையும் குறைவதையும் அளந்து, அதைக் கூட்டிக்கூட்டித்தான் கணக்குப் போடுகிறது. சின்னப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். களைத்ததும் ஸ்குவாட்டில் முழங்கை பின்னால் தூக்கும், முன்கை சுழலும். அதுவும் கணக்கில் ஏறிவிடும். பாரில் மாட்ட வழியிருந்தால் அங்கே மாட்டுங்கள். ரெப் முடிந்ததும் மேலே ஒரு வினாடி அசையாமல் நில்லுங்கள்.

பதில்:
அண்ணா, தனி எண்ணைவிட ஒரே செட்டுக்குள் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்புகள்) வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2017இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஸ்குவாட்டை வைத்து எட்டு வாரம் சோதித்தார்கள். வேகம் 20% இறங்கியதும் செட்டை நிறுத்தியவர்கள் ஒரு பக்கம், 40% வரை போனவர்கள் மறுபக்கம். பலம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. தாவும் உயரம் அதிகம் கூடியது 20% பக்கம்தான், அதுவும் குறைவான ரெப்பில். தொடைத்தசை பெருத்தது 40% பக்கம் அதிகம். முதுகை நினைத்தால் உங்களுக்கு 20% போதும். 0.60இல் தொடங்கினால் 0.48 வந்ததும் பாரை வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று பாரில் மாட்டிப் பார்த்தேன். அதே 90 கிலோ: 0.61, 0.60, 0.56, 0.52, 0.47. கால் சொன்னதையே எண்ணும் சொல்கிறது! ஐந்தோடு நிறுத்தினேன், முதுகு லேசாக இருக்கிறது. இருவருக்கும் ரொம்ப நன்றி. தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டில் பார் தரையில் இடிக்குமே, அந்த அதிர்ச்சி அடுத்த ரெப்பின் கணக்கைக் கெடுக்குமா? யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.