வடை சுடுற சத்தம் மாதிரி கேட்ட மழை: நாடகத்துக்கு முதன்முதலாக ஒலி அமைத்த அனுபவம்

போன மாதம் சென்னையில் ஒரு சின்ன நாடகத்துக்கு ஒலி அமைத்தேன். முதல் தடவை. குறும்படங்களுக்கு ஒலி சேர்த்த பழக்கம் உண்டு, அந்தத் தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன். மாடியில் ஒரு சிறிய ஹால், அறுபது நாற்காலி, 70 நிமிட நாடகம். ஒரு பாட்டி, ஒரு பேரன், விடிய விடிய மழை பெய்யும் ஒரு ராத்திரி. புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

முதல் அடி மழையில்தான் விழுந்தது. ஐப்பசியில் எங்கள் மொட்டை மாடியில் நானே பதிவு செய்த மழை அது. ஹெட்போனில் அவ்வளவு நன்றாக இருக்கும். ஒத்திகையில் போட்டதும் பாட்டியாக நடித்த அம்மா வசனத்தை நிறுத்திவிட்டு, "யாரும்மா உள்ள வடை சுடுறது?" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. கனமழையில் தனித்துளி எதுவும் காதில் பிடிபடாது, எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். சினிமாவில் திரையில் மழை தெரிவதால் காது அதை ஏற்றுக்கொள்கிறது. நாடகத்தில் அந்தத் துணை கிடையாது.

இயக்குநர் அக்கா சொன்னது ஒரே வரி: "மழையப் போடாத. அது எது மேல விழுதுன்னு போடு."

அந்த வாரம் முழுக்க அதே வேலை. தகர ஷீட் ஒன்று, பிளாஸ்டிக் வாளி, எங்கள் வீட்டு எவர்சில்வர் குண்டான். மேலே ஒரு பாட்டிலில் ஊசித் துளை போட்டுச் சொட்ட விட்டுப் பதிவு செய்தேன். காலிக் குண்டானில் விழும் சொட்டு "ணங்" என்று நீண்டு கேட்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த நீட்டம் போய்விடும். பாதி நிரம்பினால் "ளொக்". காலி, கால், அரை, முக்கால் என்று நாலு கட்டமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஒழுகும் கூரைக்குக் கீழே மேடையில் அந்தக் குண்டானையே வைத்தோம். நாடகம் போகப்போக அதன் ஒலி மாறிக்கொண்டே வரும். ஒரு இடத்தில் பேரன் எழுந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு வைப்பான், மறுபடி "ணங்". எத்தனை மணி நேரம் போயிருக்கிறது என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதையும் முதலில் முன்னால் நிற்கும் பெரிய ஸ்பீக்கரில்தான் விட்டேன். பார்த்தவர்கள் குண்டானைப் பார்க்காமல் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். குண்டானுக்குப் பின்னால் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒளித்து வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. ப்ளூடூத் ஸ்பீக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஒலி தாமதமாக வரும், அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் பல ஸ்பீக்கர்கள் தூங்கிப்போய், அடுத்த சொட்டின் தலையை விழுங்கிவிடும். ஒயர்தான் நல்லது. லேப்டாப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒலி அனுப்ப, நாலு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியை இரவல் வாங்கினேன்: முன்னால் இரண்டு, குண்டானுக்கு ஒன்று, பாட்டியின் பழைய ரேடியோவுக்குள் ஒன்று. ரேடியோவில் வரும் குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியையும் 4,500-க்கு மேலே உள்ள கீச்சொலியையும் வெட்டிவிட்டேன். மீடியம் வேவ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குறுகல் உடனே பிடிபட்டது.

முதல் காட்சி நாளில் இரண்டு தப்பு நடந்தது. ஒத்திகை எல்லாம் ஏசி போடாமல், ஆளில்லாத ஹாலில். அங்கேதான் ஒலி அளவை முடிவு செய்தேன். அன்று ஏசி ஓட, ஹால் நிறைய ஆட்கள் உட்கார, சொட்டுச் சத்தம் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. துணியும் உடம்பும் ஒலியைக் குடித்துவிடும், ஏசியின் இரைச்சல் மிச்சத்தை மூடிவிடும். நாடகம் ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

இன்னொன்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. எந்த ஒலியை எப்போது போட வேண்டும் என்று எழுதி வைக்கும் தாள்தான் கியூ ஷீட். கதவு தட்டும் ஒலிக்கு அதில் "வந்துட்டியா" என்ற சொல்லைக் குறித்திருந்தேன். அதே சொல் பதினைந்து நிமிடம் முன்னாலும் ஒருமுறை வருகிறது. அங்கேயே அமுக்கிவிட்டேன். கதவு தட்டுகிறது, வெளியே யாரும் இல்லை. பாட்டியம்மா ஒரு கணம் நின்றார். "காத்துடா, நீ சாப்பிடு" என்று பேரனிடம் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். மேடைக்குப் பின்னால் போய் அவர் காலைத் தொட்டேன். "வார்த்தையக் கேக்காத கண்ணு, என் கையப் பாரு. கதவு தட்டுறதுக்கு முன்னாடி நான் சுருக்குப் பையை முடிவேன்" என்றார். அன்று ராத்திரியே கியூ ஷீட் முழுவதையும் சொல்லை விட்டுச் செயலை வைத்துத் திருத்தி எழுதினேன்.

லேப்டாப் சார்ஜர் போட்டால் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் பிரச்சினை, டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்து இந்த ஹம்மை வெட்டும் சின்னப் பெட்டி) ஒன்று வாடகைக்கு எடுங்கள்.

*

செஞ்சிப் பக்கத்திலிருந்து:

தங்கச்சி, கையைப் பார்க்கச் சொன்னாங்க பாரு, அதுதான் எங்க ஊர்க் கூத்துல நடக்கிறது. எங்க பெரியப்பா கூத்துக்கு மிருதங்கம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைங்கிற ஊதுற வாத்தியம், தாளம் எல்லாம் களரியில, அதான் கூத்து ஆடுற இடத்துல, ஆடுறவருக்குப் பின்னாலதான் உட்காரும். பெரியப்பா கண்ணு வேஷக்காரர் கால்லயே இருக்கும், அடவு எங்க முடியும்னு பார்த்து அடிப்பார். வேஷம் முதல்ல வரும்போது ரெண்டு பேர் திரை பிடிப்பாங்க. ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே சலங்கை கேட்டுரும். துரியோதனனா, திரௌபதையான்னு நடையை வச்சே சின்னப் பசங்க நாங்க சொல்லிருவோம். உன் குண்டான் கதையைப் படிச்சப்ப அந்தத் திரைதான் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை ஆளுக்கு முன்னாடி ஒலியை வரவச்சுப் பாரு.

*

கோவையிலிருந்து:

நான் கல்லூரி நாடகங்களுக்கு ஒலி செய்கிறேன். மேடைக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பின்வரிசைக்குப் போதவில்லை என்றால் முன் ஸ்பீக்கரிலும் அதே ஒலியைச் சன்னமாக விடலாம், ஆனால் தாமதப்படுத்தி விடுங்கள். முதலில் எங்கிருந்து கேட்கிறதோ அங்கிருந்துதான் ஒலி வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1949-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒலி மூன்றரை மீட்டர் போக ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். சின்ன ஸ்பீக்கர் எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, அந்தக் கணக்கோடு இன்னும் ஒரு 10, 15 சேர்த்துப் பாருங்கள். கடைசி வரிசைக்கும் ஒலி குண்டானிலிருந்து வருவது போலவே இருக்கும்.

ஒரு கேள்வி: மழை எப்படி நின்றது?

*

கோவை அண்ணனுக்கு, நன்றி. தாமதம் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அடுத்த முறை செய்கிறேன்.

மழை நிற்கும் இடத்துக்கு என்னிடம் ஒலி எதுவும் இல்லை. தகர ஒலியை 90 நொடியில் இறக்கினேன். சொட்டின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போனேன். ஆனாலும் அமைதி வந்த மாதிரி இல்லை, ஏசி ஓடிக்கொண்டிருந்ததே! இரண்டாம் நாள் ஹால் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். ரிமோட்டில் நிறுத்தினால் பீப் அடிக்கும் என்பதால் அவர் சுவர் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார். கடைசிச் சொட்டு விழுந்ததும் அணைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலாக எல்லோர் காதிலும் இருந்த இரைச்சல் அப்போதுதான் நின்றது. யாரும் அசையவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பாட்டியம்மா தலையைத் திருப்பி, அது தெருமுனை தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.