மறுமொழி: டிராப்அவுட் – ‘வீழ்ச்சி’ வேண்டாம், ‘நழுவல்’ போதும்

வணக்கம். நம் மின்னணுவியல் கலைச்சொல் அட்டவணையில் ‘டிராப்அவுட்’ பற்றிய பேச்சுக்கு இது என் பதில். வெளியீட்டை நிலையாக வைக்கும் சீராக்கிக்கு (ரெகுலேட்டர்) உள்ளீடு போதாமல் போகும் நிலைதான் டிராப்அவுட். உள்ளீடு வெளியீட்டைவிடக் குறைந்தது எவ்வளவு மேலே இருக்க வேண்டுமோ, அது டிராப்அவுட் வோல்டேஜ்.

> டிராப்அவுட் வோல்டேஜுக்கு ‘வீழ்ச்சி மின்னழுத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே.

புழக்கத்தில் இருப்பதுதான் ஐயா சிக்கல். நீளமான கம்பியில் மின்சாரம் ஓடும்போது அழுத்தம் குறைகிறதே, அதைப் பள்ளியிலிருந்தே ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று படித்து வந்திருக்கிறோம். அதே இரண்டு சொற்களை இடம் மாற்றிப் போட்டு இன்னொரு பொருளுக்கு வைத்தால், எது எதற்கு என்று யாருக்கு நினைவிருக்கும்?

போன வாரம் என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். 48 வோல்ட் பேட்டரிக்காக வாங்கிய இறக்கு மாற்றிப் பலகை (அதிக வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர்) ஒன்று சும்மா கிடந்தது. எல்எம்2576எச்வி சிப், 5 வோல்ட் வகை. 60 வோல்ட் வரை தாங்கும். அறுபதைத் தாங்குகிறவனுக்கு ஆறு எம்மாத்திரம் என்று, எடைத் தராசில் இருந்து கழற்றிய 6 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன். மீட்டரில் பிசகில்லாமல் 5.0 காட்டியது. போனைச் செருகியதும் 4.6. சார்ஜ் ஏறும் அடையாளம் வந்து வந்து போனது. சிப்பின் காலில் அளந்தால் 6.1 வோல்ட் இருக்கிறது. ஐந்துக்கு மேலே இன்னும் ஒரு வோல்ட் கையில் இருக்க, ஐந்தைக் கொடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பேட்டரி 5.9க்கு இறங்கியது, வெளியீடும் கூடவே 4.4க்கு இறங்கியது.

அந்தக் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். சிப் சாகவில்லை, சூடாகவுமில்லை. ஆனால் வெளியீட்டின் மேல் அதற்கு இருந்த பிடி போய்விட்டது. உள்ளீடு எங்கே போகிறதோ அங்கேயே வெளியீடும் போகிறது. பிடி நழுவிய இந்த நிலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

ஏரி மதகை வைத்து யோசித்தால் எளிது. ஏரி நிரம்பியிருக்கும்போது மதகைக் கொஞ்சமாகத் திறந்தாலே வயலுக்குத் தண்ணீர் போதும். ஏரி வற்ற வற்ற இன்னும் திறக்க வேண்டும். முழுக்கத் திறந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால், மடைக்காரர் செய்ய இனி ஒன்றுமில்லை. இந்தச் சிப் நொடிக்கு 52 ஆயிரம் தடவை மதகைத் திறந்து மூடுகிறது. அதிகபட்சம் ஒவ்வொரு சுற்றிலும் 98 விழுக்காடு நேரம் திறந்து வைக்கும், அவ்வளவுதான். திறந்திருக்கும்போதும் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தன் பங்காக ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். முழுச் சுமையான 3 ஆம்பியரில் அது 1.4 வோல்ட் ஆகும். 48 வோல்ட்டில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. 6 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தயாரிப்பாளரின் தரவுத்தாளிலும் (டேட்டாஷீட்) 5 வோல்ட் வகைக்கு 8 முதல் 60 வோல்ட் வரைதான் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். அதை நான் பிறகுதான் பார்த்தேன், அது வேறு கதை.

உள்ளே மாஸ்ஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கும் புதிய சிப்களுக்கும் இதே கதிதான். அதிக அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தக் கட்டிய சாவி (ஸ்விட்ச்), அதே அளவுச் சில்லில், திறந்திருக்கும்போதும் அதிகத் தடை காட்டும். பெரிய மழைக்குக் கட்டிய கனத்த கதவு.

> அப்படியானால் அண்டர்வோல்டேஜ் லாக்அவுட்டும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. ‘வீழ்ச்சி’ வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லாக்அவுட்டில் சிப் தானாகவே கடையை மூடிக்கொள்கிறது. உள்ளீடு ஓர் அளவுக்குக் கீழே போனால் வெளியீடு சுழிதான். அதற்குத் ‘தாழழுத்தப் பூட்டு’ என்று வைக்கலாம். நழுவலில் கடை திறந்தே இருக்கும், சரக்குதான் குறைவு. நழுவல் தொடர்ந்து நீடிக்கும். பூட்டு டிக், டிக் என்று விட்டு விட்டு வரும். கம்பி நீளமாக இருந்தால் அந்த டிக்டிக் எளிதில் வரும். சிப் விழித்துச் சுமையை ஏற்றும், கம்பியில் அழுத்தம் விழும், சிப் பூட்டிக்கொள்ளும், சுமை விலகும், அழுத்தம் மீளும், திரும்ப விழிக்கும். 6 வாட் எடுக்க 48 வோல்ட்டில் எட்டில் ஒரு ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் வேண்டும். அதே கம்பிதான், வீழ்ச்சி மட்டும் எட்டு மடங்கு. பாருங்கள், இந்த வாக்கியத்தில் ‘வீழ்ச்சி’ அதன் சொந்த வேலையைச் செய்கிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

> ‘இடைநிற்றல்’ என்று அரசு ஆவணங்களில் இருக்கிறதே?

அது பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கான சொல். சிப் படிப்பை நிறுத்தவில்லை.

ஆக, என் முன்மொழிவு: டிராப்அவுட் – நழுவல். டிராப்அவுட் வோல்டேஜ் – நழுவல் மின்னழுத்தம் (இலங்கை நண்பர்கள் நழுவல் வோல்ற்றளவு என்று எழுதலாம், தடையில்லை). எல்டிஓ (லோ டிராப்அவுட் ரெகுலேட்டர்) – குறைநழுவல் சீராக்கி. வினையாகவும் வளைகிறது: ‘6.5 வோல்ட்டுக்குக் கீழே இந்தப் பலகை நழுவுகிறது.’ வீழ்ச்சியை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள், பலகை மேசையிலிருந்து கீழே விழும்.

~~~

> ‘நழுவல்’ பேச்சுவழக்குப் போல இருக்கிறதே. தரவுத்தாளில் எழுதினால் ஒரு மாதிரி இருக்காதா?

சுருள், தடை, பூட்டு எல்லாம் எங்கிருந்து வந்தன ஐயா? பழகினால் சரியாகிவிடும். ‘டிராப்அவுட்’ மட்டும் ஆங்கிலத்தில் என்ன இலக்கியச் சொல்லா?

~~~

சரி, மறுப்பு இல்லையென்றால் ‘நழுவல்’ என்றே அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது பூட்ஸ்ட்ராப் மின்தேக்கி. மேல்சாவியின் (உள்ளீட்டுப் பக்கத்து ஸ்விட்ச்) வாயிலை (கேட்) உள்ளீட்டைவிட உயரத்துக்குத் தூக்கிவிடுவதால் ‘தூக்குத்தேக்கி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்.

~~~

தூக்கு என்றதும் எனக்குக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. ‘ஏணித்தேக்கி’ எப்படி? சாவி, மதகு போல, மின்சாரத்தை விடாமல் மூடியிருக்கும் நேரத்தில்தான் அது நிரம்பும். உள்ளீடு தாழ்ந்து சாவி ஓயாமல் திறந்தே கிடந்தால், ஏணி வற்றிப்போகும். ஏணி எப்படி வற்றும் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் நாளை வரை நேரம் கேட்கிறேன்.